தமுக்கத்தில் நான் தோண்டிய செவ்வாய்

செவ்வாய்க் கிரகத்தில் அமெரிக்காக்காரன் இறக்கிய யந்திரத்தின் கை சிக்கிக்கொண்டபோது, அதை எப்படி விடுவிப்பது என்று அவனுக்கு முன்னால் சொன்னவன் நான். இதைச் சொன்னால் இப்போதுள்ளவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அதற்கு ஒரே ஒரு சாட்சி உண்டு, என் தங்கை. அவள் பொய் சொல்லமாட்டாள். என்னிடம் அவள் இப்போதெல்லாம் மெய்யும் அதிகம் சொல்வதில்லை, அது வேறு விஷயம். அந்த வேறு விஷயத்தைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு, அதிலும் பாதி. பன்னிரண்டு வயதில் ஒரு பம்புசெட் பட்டறையில் மண்ணெண்ணெயில் நட்டு போல்ட்டு கழுவ உட்கார்ந்தேன். இருபத்தாறு வயதில் வடக்கு மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் சொந்தமாக லேத் போட்டுவிட்டேன். அலங்காநல்லூர்ப் பக்கமிருந்து எந்த விவசாயி மோட்டாரைத் தூக்கிக்கொண்டு மதுரைக்கு வந்தாலும், பஸ்ஸை விட்டு இறங்கியதும் என் பட்டறைக்குத்தான் வழி கேட்பான். ஓடுகிற மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்தால் போதும், உள்ளே எது தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். காலேஜ் படித்த இன்ஜினியர்கள் பக்கத்தில் நின்று வாயைப் பிளந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

எனக்குப் பதினாறு வயதில் அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்தில் போய்விட்டார்கள். தங்கைக்கு அப்போது ஒன்பது. உறவென்று சொல்லிக்கொண்டவர்கள் எல்லாம் பதினாறாம் நாள் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவியவர்கள்தான், மறுபடி எட்டிப் பார்க்கவில்லை. அவளை நான்தான் வளர்த்தேன். எஸ்.எஸ்.எல்.சி. முடிக்க வைத்தேன். டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் பண்ண வைத்தேன். அவள் கல்யாணம் முடியாமல் நான் கட்டுவதில்லை என்று ஒற்றைக் காலில் நின்றேன்.

காலையில் நான் இட்லி சாப்பிடும்போது அவள் பேப்பர் படிப்பாள். எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும், பொறுமை வராது. ஆகவே கொலை, விலைவாசி, மழை, எல்லாம் அவள் வாய்வழியாகத்தான் எனக்குள் போகும். எழுபத்தாறாம் வருஷம் ஆடி மாதத்தில் செவ்வாயில் அந்த யந்திரம் இறங்கிய சேதியும் அப்படித்தான் வந்தது. அவளுக்கு அது ஒரு பைத்தியம் மாதிரி பிடித்துக்கொண்டது. நம் பேப்பரில் போடாததையெல்லாம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் இங்கிலீஷ் பேப்பரைப் பார்த்துத் துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு வருவாள்.

இறங்கி இரண்டு மூன்று நாள் இருக்கும்.

“அண்ணே, அந்த மிஷினு மண்ணை அள்ள கையை நீட்டப் பாத்துச்சாம். மாட்டிக்கிருச்சாம்.”

“எதுல மாட்டுச்சு?”

“ஒரு பின்னு. போற வழியில கை ஆடாம இருக்கப் போட்டுருந்தாங்களாம். கையை நீட்டுனா அது தன்னால கீழ விழுகணும். விழுகலையாம்.”

“எம்புட்டு நீட்டுனாய்ங்க?”

“கொஞ்சூண்டுதான் போல.”

“அப்புறம் எப்படி விழும்? கொஞ்சமா நீட்டிட்டு உள்ள இழுத்தா அது அங்கனயேதான் நிக்கும். இன்னும் நல்லா நீட்டி விடச் சொல்லு. பொத்துன்னு விழுந்துரும்.”

“யாருக்குண்ணே சொல்ல? கார்டு எழுதிப் போடவா?” என்று சிரித்தாள்.

அடுத்த நாலாம் நாள் பேப்பரை விரித்தவள் சிரிக்கவில்லை. “அண்ணே, நீ சொன்னதேதான். நல்லா நீட்டுனாங்களாம். பின்னு விழுந்துருச்சாம். மண்ணுல கெடக்குற பின்னைப் போட்டோவே புடிச்சுருக்காங்க.”

அன்றைக்கு டீக்கடையில் நான் பேசிய பேச்சைக் கேட்கப் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். அன்றைக்கு மட்டுமா? அந்த வருஷம் முழுக்கப் பேசினேன்.

அந்தப் பின் விழுந்த பிறகு கை மண்ணைத் தோண்டியது. நீளமாக ஒரு பள்ளம் பறித்து, அள்ளிய மண்ணைத் தன் வயிற்றுக்குள் இருந்த பெட்டிகளில் போட்டது. ஒரு பெட்டியில் மண்ணுக்குக் கஞ்சி மாதிரி ஒன்றை ஊற்றிப் பார்த்தார்கள். உள்ளே கண்ணுக்குத் தெரியாத உயிர் ஏதாவது இருந்தால் அதைக் குடித்துவிட்டு மூச்சு விடும் என்று கணக்கு. மூச்சு வந்தது. உயிர் இருக்கிறது என்று குதித்தார்கள். இன்னொரு பெட்டி அதே மண்ணைச் சுட்டுப் பார்த்துவிட்டு, உயிர்ச்சத்து என்று ஒன்றுமே இதில் இல்லை என்றது. அதோடு வாதம் தொடங்கிவிட்டது. இருக்கு என்று ஒரு கூட்டம், இல்லை என்று ஒரு கூட்டம். தங்கை ஒவ்வொரு நாளும் எந்தக் கட்சி ஜெயிக்கிறது என்று தேர்தல் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தாள்.

இந்தச் செவ்வாய்தான் எங்கள் வீட்டில் வேறொரு இடத்திலும் உட்கார்ந்திருந்தது. அவள் சாதகத்தில், ஏழாம் இடத்தில். அப்படி இருந்தால் கட்டுகிறவனுக்கு ஆயுசு கெட்டி இல்லை என்று சொல்வார்கள். நாலு இடம் வந்தது. நாலு பேரும் வீட்டுக்கு வந்து கேசரி தின்று, பெண் லட்சணமாக இருக்கிறாள் என்று சொல்லி, சாதகத்தை வாங்கிக்கொண்டு போனவர்கள்தான். அவளுக்கு இருபத்தைந்து முடிந்து இருபத்தாறு நடந்தது. அந்தக் காலத்தில் அது பெரிய வயது.

ஐந்தாவதாக வந்ததுதான் உருப்படியாக வந்தது. பையன் கவர்மென்ட் ஆபீசில் கிளார்க். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் இவளைப் பார்த்துவிட்டு, கட்டினால் இந்தப் பெண்ணைத்தான் என்று வீட்டில் சொல்லியிருக்கிறான். திருப்பரங்குன்றத்தில் சொந்த வீடு. அப்பா ரிட்டயர்டு வாத்தியார். சாதகத்தில் நம்பிக்கை இல்லாதவர். அம்மாவுக்குத்தான் பயம். அந்தம்மாவும் கெட்ட மனுஷி இல்லை, அதை இன்றைக்குச் சொல்கிறேன், அன்றைக்குச் சொல்லவில்லை. ஒரே பிள்ளை. அவ்வளவுதான்.

அந்தம்மா ஒரு வழி சொன்னார். “செவ்வாய்க்கு அதிபதி முருகன். ஒம்போது செவ்வாக்கிழமை நம்ம மலைக்கு வந்து விளக்குப் போடட்டும். பத்தாவது வாரம் நானே பூ வைக்க வாரேன்.”

தங்கை உடனே சரி என்றுவிட்டாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. நான் தூக்கி வளர்த்த பிள்ளை, வாரா வாரம் ஊர் பார்க்கப் போய் நிற்க வேண்டுமா? ரெண்டு வாரம் போனதும் அவளிடமே கேட்டேன். “நிக்கிறேன்ணே, என்ன குறைஞ்சு போச்சு? அந்தம்மாவும் எங்கூடத்தான் வந்து நிக்கிறாக. போன வாரம் எண்ணெய்க் கிண்ணத்தை அவுகளே புடிச்சுக்கிட்டாக” என்றாள். அவளுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது. அதை அவள் வாயால் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் அவள் தலை பின்னுவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரத்திலிருந்து நானே தெரிந்துகொண்டேன்.

இதற்கு ஒரு மாதம் முன்னாலேயே ஒரு காலேஜ் வாத்தியார் பட்டறைக்கு வந்திருந்தார். பௌதிகம் சொல்லிக்கொடுக்கிறவர். காலேஜ் கிணற்று மோட்டாரை ரிப்பேருக்குக் கொண்டுவந்தவர், நான் யாரிடமோ செவ்வாயில் பின் விழுந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்ததை நின்று கேட்டார். முழுக்கக் கேட்டுவிட்டு, “மேஸ்திரி, தமுக்கம் மைதானத்துச் சித்திரைப் பொருட்காட்சியில் எங்கள் காலேஜ் ஒரு ஸ்டால் போடுகிறது. அந்தக் கையை ஓடுகிற மாதிரி செய்து தருவீர்களா?” என்றார்.

செய்து தருவேனாவா! சம்பளம் வேண்டாம் என்றேன். ரெண்டு மாதம் பட்டறை வேலையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு அதைச் செய்தேன். தங்கை இங்கிலீஷ் பத்திரிகைப் படத்தைப் பார்த்து அளவு போட்டு வரைந்து கொடுத்தாள். லாரி வைப்பர் மோட்டார் ரெண்டு, ஒன்றுக்குள் ஒன்று போகிற குழாய் மூன்று, சைக்கிள் செயின், தகரத்தில் நானே அடித்த கரண்டி. பட்டனை அழுத்தினால் கை ஆறடி நீளும், தாழும், கரண்டி வாயைத் திறந்து மண்ணைக் கடிக்கும், திரும்பி வந்து புனலில் கொட்டும். கொட்டியதும் பெட்டி ‘ங்ங்ங்’ என்று உறுமும். ஒரு தடவைகூட அது சிக்கியதில்லை. அமெரிக்காக்காரன் கை சிக்கியது. என் கை சிக்கவில்லை.

மண்ணுக்கு அழகர்கோயில் ரோட்டில் ஒரு பள்ளத்திலிருந்து செம்மண் நானே அள்ளிவந்தேன். தங்கை படத்தைப் பார்த்துப் பார்த்துக் கல்லுக்கு இடம் சொன்னாள். பின்னால் திரையில் வானம் எழுத வந்த பேனர் பெயின்டரிடம் ரோஸ் கலர் அடிக்கச் சொன்னாள். “ஏம்மா, செவ்வாயில வானம் ரோஸுன்னா எங்க ஊருல பச்சையா?” என்று அவன் பிரஷ்ஷைப் போட்டுவிட்டான். அவளும் விடவில்லை. “மொதல்ல அவங்களும் நீலமாத்தான் போட்டாங்கண்ணே. அப்புறம் தப்புன்னு ஒத்துக்கிட்டு மாத்திட்டாங்க. அவங்களே ஒத்துக்கிட்டாங்க, உங்களுக்கு என்ன?” என்றாள். ரோஸ் அடித்தான்.

கடைசியாகப் பெட்டியின் மேல் விளக்கு. உயிர் இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. இது என் யோசனை. ஜனங்களுக்கு முடிவு தெரிய வேண்டாமா?

“ரெண்டு பத்தாதுண்ணே” என்றாள் தங்கை. “மூணாவதா ஒரு மஞ்ச பல்பு போடு. மஞ்சதான் எரியணும்.”

“அது எதுக்கு?”

“தெரியலைன்னு சொல்றதுக்கு. அவங்களுக்கே இன்னும் தெரியலைல்ல.”

காலேஜ் வாத்தியாரும் அங்கே இருந்தார். “பாப்பா சொல்றது சரிதான் மேஸ்திரி” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. “சார், ஒரு வயக்காட்டுச் சம்சாரி மோட்டாரைத் தலையில தூக்கிட்டு வந்து, இது ஓடுமா ஓடாதான்னு கேக்குறான். தெரியலைன்னு சொன்னா நாளைக்கு எவன் என் கடைக்கு வருவான்? ஜனம் டிக்கெட் வாங்கிட்டு வந்து பாக்குது. தெரியலைன்னு சொல்றதுக்கு ஒரு மிஷினா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. இருக்கா, இல்லையா?”

அவர் சிரித்துவிட்டு, இல்லை என்கிறவர்கள்தான் அதிகம் என்றார். அந்த மண்ணில் ஏதோ ஒரு காரம் இருக்கிறதாம், உயிர்ச்சத்து எது விழுந்தாலும் அரித்துப் பொசுக்கிவிடுமாம், அதனால்தான் ஒன்றும் மிஞ்சவில்லை என்று பலர் சொல்கிறார்களாம். எனக்கு அது போதும். சிவப்புக்கு மட்டும் கனெக்ஷன் கொடுத்தேன். பச்சை பல்பு சும்மா அழகுக்கு. அதற்கு நான் ஒயரே இழுக்கவில்லை.

பொருட்காட்சியில் எங்கள் ஸ்டாலுக்கு வந்த கூட்டத்தைப் போல வேறு எதற்கும் வரவில்லை. விவசாயத்துறை ஸ்டாலில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வாசலில் கயிறு கட்டி வரிசை விட்டார்கள். போர்டில் காலேஜ் பேர் இருந்தது, வாத்தியார் பேர் இருந்தது, விளக்கம் சொல்கிற மாணவிகள் பேர்கூட இருந்தது. என் பேர் இல்லை. நானும் கேட்கவில்லை, கேட்டு வாங்குகிற சாதி இல்லை நான். ஆனால் தினமும் சாயங்காலம் பட்டறையை ஐந்து மணிக்கே பூட்டிவிட்டுப் போய், வெள்ளைச் சட்டையோடு பட்டனுக்குப் பக்கத்தில் நின்றுகொள்வேன். மாணவி ஒரு வரி சொன்னால் நான் நாலு வரி சொல்வேன். அவள் “செவ்வாய் மண்ணில் உயிர் இல்லை என்று இந்தச் சிவப்பு விளக்கு காட்டுகிறது” என்று ஒப்பிப்பாள். ஜனங்களுக்கு அது ஏறாது. நான் குறுக்கே புகுந்து, “ஒரு உசுரு தங்காதுய்யா அதுல! கொண்டுபோய்ப் போட்டாலும் பொசுங்கிரும்!” என்பேன். ‘ஆ’ என்பார்கள். அந்த ‘ஆ’வைக் கேட்கத்தான் தினமும் போனேன். இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது?

தங்கை ஆறு செவ்வாய்க்கிழமை முடித்திருந்தாள். மூன்று பாக்கி. நான் பேசாமல் இருந்திருக்கலாம். மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டு மிஷின் கையை நீட்டிக்கொண்டும் மடக்கிக்கொண்டும் இருந்திருந்தால் போதும். ஆனால் எனக்கு ஒரு யோசனை வந்தது. மாப்பிள்ளை வீட்டாரைத் தமுக்கத்துக்குக் கூப்பிட்டு, நீங்கள் பயப்படுகிற செவ்வாய் இதுதான், வெறும் மண்ணும் கல்லும், ஒரு மிஷின் போய்ப் பள்ளம் தோண்டி வைத்திருக்கிறது என்று கண்முன்னால் காட்டிவிட்டால்? அந்தம்மாவின் பயம் அன்றைக்கே போய்விடும். மிச்சம் மூன்று வாரம்கூடத் தேவைப்படாது.

தங்கையிடம் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது.

“வேண்டாம்ணே. இன்னும் மூணு வாரம்தான். நான் விளக்கைப் போட்டு முடிச்சுர்றேன்.”

“விளக்குப் போட்டு நீ போனா, தோசம் இருக்குன்னு நாம ஒத்துக்கிட்ட மாதிரி ஆகும். ஒண்ணுமில்லைன்னு காட்டிட்டுப் போனாத்தான் மரியாதை.”

“யாருக்குண்ணே மரியாதை?”

மறுநாளே ஆளனுப்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மூன்று பேரும் வந்தார்கள். பையனுடைய அப்பா, அந்த ரிட்டயர்டு வாத்தியார் ஐயா, வேட்டியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தபடி ஆர்வமாகத்தான் வந்தார். பையன் சட்டையை இன் பண்ணியிருந்தான். அந்தம்மாவுக்கு நான் வாசலிலேயே முறம் அகலத்துக்கு ஒரு டெல்லி அப்பளம் வாங்கிக் கையில் கொடுத்தேன். தங்கை பச்சைப் புடவை கட்டிக்கொண்டு மண் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். பையன் அவளைப் பார்த்தான், அவள் மண்ணைப் பார்த்தாள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

“பாத்துக்கங்கம்மா, இதான் செவ்வாய்” என்று பட்டனை அழுத்தினேன். கை நீண்டது. அன்றைக்குப் போல அது என்றைக்கும் ஓடியதில்லை, வெண்ணெய் மாதிரி. கரண்டி கடித்தது, திரும்பியது, கொட்டியது. பெட்டி உறுமியது. வரிசையில் பின்னால் நின்ற ஜனமெல்லாம் எட்டிப் பார்த்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. மாணவி தன் வரியை ஒப்பித்தாள்.

அந்தம்மா மெதுவாகக் கேட்டார். “உயிர் இல்லைன்னா... ஒரு புழு பூச்சிகூடவா?”

“புழு, பூச்சி, புல்லு, பூண்டு எதுவும் இல்லைம்மா” என்றாள் மாணவி.

“அம்புட்டுப் பெரிய கெரகத்துலயா?”

அங்கே நான் நிறுத்தியிருக்க வேண்டும். ‘அம்மா, அது வெறும் மண்ணு, அதுக்கு நம்ம வீட்டு விசயம் என்ன தெரியும்’ என்று சொல்லத்தான் அவர்களைக் கூப்பிட்டிருந்தேன். அந்த வார்த்தையை வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். ஆனால் பின்னால் ஐம்பது பேர் நிற்கிறார்கள், விளக்கு எரிகிறது, தினமும் வருகிற வார்த்தை தானாக வந்துவிட்டது.

“ஒரு உசுரு தங்காதும்மா அதுல! கொண்டுபோய்ப் போட்டாலும் பொசுங்கிரும்!”

கூட்டம் ‘ஆ’ என்றது. அந்தம்மா ‘ஆ’ சொல்லவில்லை. சிவப்பு விளக்கைப் பார்த்தார். பிறகு என் தங்கையைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற மகனுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், ரோட்டைக் கடக்கும்போது சின்னப் பிள்ளையைப் பிடிக்கிற மாதிரி. கடிக்காத அப்பளத்தைத் தடுப்புக் கம்பிமேல் வைத்துவிட்டு, “நேரமாச்சு, போவோம்” என்றார்.

வாத்தியார் ஐயா ஏதோ சொல்லி அவரை நிறுத்தப் பார்த்தார். அந்தம்மா நிற்கவில்லை. பையன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான், போய்விட்டான். அடுத்த வரிசையை உள்ளே விட்டார்கள். கரண்டியிலிருந்து கீழே கொஞ்சம் மண் சிந்தியிருந்தது. தங்கை குனிந்து அதைக் கையால் கூட்டி அள்ளித் தொட்டியில் போட்டுவிட்டு, புடவையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

ஏழாவது செவ்வாய்க்கிழமை அவள் மலைக்குப் போனாள். அந்தம்மா வரவில்லை. எண்ணெய்க் கிண்ணத்தைத் தானே பிடித்துக்கொண்டு விளக்கைப் போட்டுவிட்டு வந்தாள். மறுநாள் வாத்தியார் ஐயா பட்டறைக்கே வந்தார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன். உட்காரவில்லை.

“தம்பி, ஆறு வாரமா அவளை நான் கொஞ்சம் கொஞ்சமாக் கரைச்சு வச்சுருந்தேன். உங்க தங்கச்சிமேல அவளுக்கே ஆசை விழுந்துருச்சு. இப்ப அழுறா. எம்புள்ளையை அதுல போடமாட்டேங்குறா.”

“ஐயா, அது செம்மண்ணு. அழகர்கோயில் ரோட்டுல நான் அள்ளிட்டு வந்தது. அந்த லைட்டு எந்த மண்ணைப் போட்டாலும் செவப்பாத்தான் எரியும். என்னோட கனெக்சன் அது.”

“எனக்குத் தெரியுது தம்பி. பொசுங்கிரும்னு சொன்னது யாரு?”

நான் கழிவுத் துணியை எடுத்து லேத்தைத் துடைத்தேன். “நீங்க கூப்பிட்டிருக்கவே வேண்டாம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் கோபத்தில் நான் எல்லாரையும் ஏசினேன். தாய் கையைப் பிடித்ததும் பின்னாலேயே போன பையனை ஏசினேன். வாத்தியார் ஐயா பேச்சு வீட்டில் எடுபடவில்லையே என்று அவரை ஏசினேன். அந்தச் சமயம் பார்த்துக் காலேஜுக்குப் பொருட்காட்சியில் முதல் பரிசு கிடைத்து, ஷீல்டை வாங்கிக்கொண்டு போட்டோவுக்கு நின்ற பௌதிக வாத்தியாரையும் ஏசினேன். அவர் ஒரு பாக்கெட் இனிப்போடு பட்டறைக்கு வந்தபோது, “சார், மிஷினை வண்டி வச்சு அனுப்பிருங்க” என்று மட்டும் சொன்னேன். தங்கை எதிரில் மட்டும் யாரையும் ஏச முடியவில்லை. அவள் யாரையும் ஏசவில்லையே.

எட்டாவது வாரமும் அவள் கிளம்பினாள். “இனிமே எதுக்கு ஆத்தா?” என்றேன். “ஆரம்பிச்சுட்டேன்லண்ணே” என்றாள். ஒன்பதையும் முடித்தாள். அதற்கு முன்னாலேயே, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் காலையிலிருந்தே, எனக்குப் பேப்பர் படிப்பதை விட்டுவிட்டாள். சண்டை போடவில்லை. இட்லியை வைத்து, பேப்பரை மடித்தபடி பக்கத்தில் வைத்து, உள்ளே போய்விடுவாள். நான் பொறுமையாக உட்கார்ந்து படிக்கப் பழகியது அப்போதுதான். இந்தக் கட்டுரையை என் கையால் எழுதுகிறேன் என்றால் அதற்கும் அதுதான் காரணம்.

பிறகு அவள் பரீட்சை எழுதி கவர்மென்ட் ஆபீசில் டைப்பிஸ்ட் ஆனாள். ஒன்றிரண்டு இடம் வந்தது. ஒருவன் பெண்டாட்டியை இழந்தவன், அவன் சாதகத்திலும் செவ்வாய் இருந்தது. பொருத்தம் நன்றாக இருக்கிறதென்று தரகர் துள்ளினார். அவள் வேண்டாம் என்றுவிட்டாள். மூன்றாம் வருஷம், “நீ கட்டிக்கண்ணே, எனக்காக நின்னது போதும்” என்று எனக்குப் பெண்ணையும் அவளே பார்த்தாள். எங்கள் பக்கத்தில் தாலியில் முதல் முடிச்சு மாப்பிள்ளை போட்டால், மற்ற முடிச்சை மாப்பிள்ளையின் தங்கை போடவேண்டும். என் பெண்டாட்டி கழுத்துக்குப் பின்னால் நின்று அவள் அதை நன்றாக இறுக்கிப் போட்டாள். தனக்கு நடக்காததை எனக்கு நடத்திவைத்த அந்தக் கையை நான் பார்க்காமல் அக்கினியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பையன் வேறு பெண்ணைக் கட்டி, பிள்ளை குட்டி பெற்று, ரிட்டயர் ஆகி, இன்றும் இருக்கிறான். போன மாதம் மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்கு நின்றபோது பார்த்தேன். கல் மாதிரி இருக்கிறான். அவனுக்கு ஆயுசு நூறு. யாரைக் கட்டியிருந்தாலும் நூறுதான்.

எண்பத்து மூன்றில் ஒரு நாள். எனக்கு அப்போது ஒரு மகள் பிறந்து தவழ்ந்துகொண்டிருந்தாள். காலையில் நான் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தங்கை ஆபீசுக்குப் புறப்பட்டு, செருப்பை மாட்டப் போனவள் திரும்பி வந்தாள். என் பக்கத்தில் கிடந்த பேப்பரை எடுத்து விரித்தாள். ஆறு வருஷத்துக்குப் பிறகு அவள் எனக்குப் படித்தாள்.

“அண்ணே, செவ்வாயில அந்த மிஷினு பேசுறதை நிறுத்திருச்சாம்.”

கையில் இருந்த இட்லியைத் தட்டில் வைத்தேன். “ஏன், தேஞ்சு போச்சா?”

“இல்லை. மிஷினு நல்லாத்தான் இருந்துச்சாம். இங்க இருந்து அனுப்புனதுல ஒரு உத்தரவு தப்பாப் போயிருச்சாம். அதைக் கேட்டுட்டு அது ஏரியலை வேற பக்கம் திருப்பிக்கிருச்சாம். அதுலருந்து பதிலே இல்லையாம்.”

“திருப்பிச் சரியா அனுப்பலாம்ல?”

“அனுப்பிக்கிட்டேதான் இருந்தாங்களாம், மாசக்கணக்கா. இப்பத்தான் விட்டுட்டாங்களாம்.” பேப்பரை மடித்து, இருந்த இடத்திலேயே வைத்தாள். “நீங்க அனுப்புறது அதுக்கு எட்டணும்லண்ணே.”

என்னை அவள் ‘நீ’ என்றுதான் சொல்வாள். அன்றைக்கு ‘நீங்க’ என்றது அமெரிக்காக்காரனையா என்னையா என்று நான் கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனாள். பட்டறை மூலையில் சாக்கு போட்டு மூடிக்கிடந்த அந்தக் கையை அன்றைக்குத்தான் வெளியே இழுத்தேன். மோட்டாருக்குக் கரண்ட் கொடுத்துப் பட்டனை அழுத்தினேன். ஒரு சிக்கல் இல்லை. ஆறடி நீண்டு, தாழ்ந்து, வெறும் சிமென்டுத் தரையைக் கடித்து, திரும்பி வந்து, ஒன்றும் இல்லாததைப் புனலில் கொட்டியது. பெட்டி உறுமியது. சிவப்பு எரிந்தது.